எது முதலில் வளைய வேண்டும்? அட்வெஞ்சர் பைக்குக்கு கார்டும் ஃபுட் ரெஸ்ட் மவுண்ட்டும் நாமே செய்யும் முறை

கடம்பூர் மலையிலிருந்து மாக்கம்பாளையம் போகிற வழியில் சர்க்கரைப்பள்ளம் குறுக்கே வரும். தண்ணீர் இல்லாத நாளில் அது வெறும் உருண்டைக்கல் படுகை. சில வருடம் முன்பு அங்கேதான் என் பைக்கின் என்ஜின் கேஸ் உடைந்தது. அடியில் கார்டு இல்லாமல் இல்லை. 3 மிமீ இரும்புத் தகட்டில் நானே செய்த சம்ப் கார்டு, அதாவது என்ஜினின் அடிவயிற்றைக் காக்கிற தகடு, இருந்தது. அதில் ஒரு கீறல் விழுந்ததோடு சரி. ஆனால் அந்தக் கார்டை என்ஜின் கேஸிலேயே இருந்த இரண்டு எம்6 (6 மிமீ போல்ட்) துளைகளில் முடுக்கியிருந்தேன். கல்லில் பட்ட அடி முழுவதும் தகடு வழியாக அந்தத் துளைகளுக்குப் போய், ஒரு காது கேஸோடு பிய்ந்து வந்துவிட்டது. ஆயில் எல்லாம் பள்ளத்தில். பைக் சத்தியமங்கலம் வந்து சேர்ந்தது ஒரு பிக்கப் வண்டியின் முதுகில்.

கோவை கணபதியில் எனக்குத் தெரிந்த பட்டறைக்கார அண்ணன் கேஸையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, இந்தத் தகடு நெளிஞ்சிருந்தா சுத்தியில ரெண்டு தட்டு தட்டி நிமித்தியிருக்கலாம். இது நெளியாம நின்னுக்குச்சு, அதனால கேஸு போயிருச்சுங்க" என்றார். கார்டு செய்வதைப் பற்றி நான் கற்றதில் பாதி அந்த ஒரு பேச்சுதான். அடி விழுந்தால் எதாவது ஒன்று வளைந்தோ உடைந்தோ தீரும். அது எது என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானிக்கிறோம். கார்டின் பிராக்கெட் முதலில், அப்புறம் கார்டு, அதற்கும் அப்புறம்தான் ஃபிரேம். என்ஜின் கேஸ் இந்த வரிசையிலேயே வரக் கூடாது.

ஃபுட் ரெஸ்ட்டுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். அதன் மேல் நிற்பது நாம். அது வளையவே கூடாது. இந்த இரண்டையும் ஒரே மனநிலையில் செய்ய உட்கார்ந்தால் இரண்டில் ஒன்று கெடும்.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் ஃபிரேமை வெட்டுவது, ஃபிரேமில் வெல்டிங் வைப்பது இரண்டையும் இந்த வழிகாட்டியில் தொடப் போவதில்லை. எல்லாமே போல்ட்டில் ஏறி, போல்ட்டில் இறங்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் ஃபுட் ரெஸ்ட்டும் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கிற காப்பும் இருக்க வேண்டும் என்கிறது. சைலன்சருக்கு இடம் வேண்டும் என்று பின் ஃபுட் ரெஸ்ட்டைக் கழற்றி எறிகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரக்கு வாங்குவது

கோவையில் இருப்பவர்களுக்கு உக்கடம் பழைய இரும்புக் கடைகளும், கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கத்துப் பட்டறைகளும் போதும். பம்பு செட்டும் மோட்டாரும் கிரைண்டரும் செய்கிற ஊரில் துண்டுத் தகட்டுக்கும் லேத்துக்கும் பஞ்சமே இல்லை. நாமக்கல், சங்ககிரி பக்கம் இருந்தால் லாரி பாடி கட்டுகிற பட்டறை, திருச்செங்கோடு என்றால் போர்வெல் ரிக் வேலை செய்கிற வெல்டர்கள். கனத்த வெல்டிங்கில் அவர்கள் கை எப்போதும் சுத்தம்.

சம்ப் கார்டுக்கு நான் கேட்பது 5052 ரக அலுமினியத் தகடு, 4 மிமீ. கடைக்காரர் 6061 எடுத்துக் கொடுத்து "இது அதைவிட ஸ்ட்ராங்" என்பார். அது உண்மைதான். ஆனால் டி6 பதத்தில், அதாவது சூட்டில் பதப்படுத்தி இறுக்கிய நிலையில், இருக்கும் 6061-ஐ இறுக்கமாக வளைத்தால் வளைவில் விரிசல் விடும். வெல்டிங் வைத்தால் அந்த இடத்தைச் சுற்றி பலம் நன்றாக இறங்கிவிடும். 5052 வளைவதற்கென்றே இருக்கிற சரக்கு. 40 செமீக்கு 30 செமீ அளவில் 4 மிமீ அலுமினியம் சுமார் 1.3 கிலோ வரும். அதே அளவில் 3 மிமீ இரும்பு 2.8 கிலோ. பைக்கின் அடிவயிற்றில் ஒன்றரைக் கிலோ மிச்சம் என்பது எனக்குப் பெரிய விஷயம். காசு கையைக் கடித்தால் 14 கேஜ், அதாவது 2 மிமீ இரும்புத் தகடும் ஓடும். நெளியும், தட்டிக்கொள்ளலாம்.

பைப் வாங்கும்போது எல்லோரும் ஒரு முறையாவது ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பைப் வேறு, டியூப் வேறு. தண்ணீர்க் குழாய் வகையில் 'முக்கால் இஞ்ச்' என்றால் அது உள் விட்டத்தை ஒட்டிய பெயர். வெளியே அளந்தால் 26.9 மிமீ இருக்கும். 'அரை இஞ்ச்' வெளியே 21.3 மிமீ. டியூபில் 'ஒரு இஞ்ச்' என்றால் வெளி விட்டமே 25.4 மிமீ. கைப்பிடிக் கம்பி வளைக்கிற பட்டறையில் இருக்கும் ஹைட்ராலிக் பெண்டரின் டை (குழாய் உட்காருகிற அச்சு) பெரும்பாலும் பைப் அளவுக்குச் செய்தது. 25.4 மிமீ டியூபைக் கொண்டுபோய் 26.9 டையில் வைத்தால் வளைவு சப்பையாகும். முதலில் பட்டறையில் என்ன டை இருக்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் டியூப் வாங்குங்கள். 25.4 மிமீ, 2 மிமீ கனம் கொண்ட டியூப் மீட்டருக்கு ஏறத்தாழ 1.15 கிலோ. லெக் கார்டுக்கு இது சரியான கனம். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் வேண்டாம். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் புகைந்து, மாலையில் குளிர் காய்ச்சல் வந்து படுக்க வைக்கும்.

இன்னொன்று. நம் பக்கம் லாரிப் பட்டறையில் பழைய ஸ்பிரிங் பட்டை சல்லிசாகக் கிடைக்கும். "இதுல செஞ்சா ஜென்மத்துக்கும் வளையாதுங்க" என்று யாராவது கொடுப்பார்கள். அதில் கத்தி அடிக்கலாம், அரிவாள் அடிக்கலாம். பிராக்கெட் செய்ய வேண்டாம். ஸ்பிரிங் இரும்பில் கார்பன் அதிகம். சாதாரணமாக வெல்டிங் வைத்தால் தையலை ஒட்டிக் கண்ணாடி போல் இறுகி, ஒரு நாள் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

சம்ப் கார்டு

முதல் வேலை அட்டை. ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டை கெட்டியாக இருக்கும், அதை எடுத்து வையுங்கள். பைக்கை நேராக நிறுத்தி, அடியில் படுத்துக்கொண்டு, முன் டியூபிலிருந்து என்ஜின் பின்பக்கம் வரை அட்டையைப் பிடித்து வரையுங்கள். முன்பக்கம் 40 பாகை அளவில் ஏறி வர வேண்டும். செங்குத்தாக நின்றால் கல் ஏறிப் போகாது, முட்டி நிற்கும். இரண்டு பக்கமும் 40 மிமீ மேலே மடிப்பு. இந்த மடிப்புதான் தகட்டுக்கு விறைப்பு தருகிறது. அட்டையை மடித்து, செலோடேப் ஒட்டி, பைக்கில் கட்டிப் பாருங்கள். நான் மூன்றாவது அட்டைக்குக் குறைந்து எப்போதும் முடித்ததில்லை.

அட்டை கட்டியிருக்கும்போதே நான்கு விஷயம் பார்த்துவிட வேண்டும். என்ஜினுக்கும் தகட்டுக்கும் நடுவே குறைந்தது 12 மிமீ இடைவெளி இருக்கிறதா. ஆயில் டிரெய்ன் போல்ட்டும் ஃபில்டர் மூடியும் எங்கே வருகின்றன. சைலன்சர் பெண்ட் பைப் எங்கே ஒட்டுகிறது. நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: முன் ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது டயர் தகட்டில் இடிக்குமா? ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இல் முன் சஸ்பென்ஷன் 200 மிமீ, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இல் 190 மிமீ பயணிக்கும். நிறுத்தி வைத்த பைக்கில் டயருக்கும் கார்டுக்கும் ஒரு சாண் இடைவெளி தெரிந்தாலும் நம்ப வேண்டாம். ராட்செட் ஸ்ட்ராப்பை ஹேண்டில்பாரிலும் முன் ஆக்ஸிலிலும் போட்டு ஃபோர்க்கை முடிந்த மட்டும் இறுக்குங்கள். இன்னும் எவ்வளவு பயணம் மிச்சம் என்று கணக்கிட்டு, அதற்கும் மேல் 30 மிமீ விடுங்கள்.

அட்டையைத் தகட்டில் வைத்து மார்க்கரில் வரையுங்கள். ஊசியால் கீற வேண்டாம். வளைவுக் கோட்டின் வெளிப்பக்கம் ஒரு கீறல் இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். வெட்டுவதை லேசர் கட்டிங்கில் கொடுத்தால் அரை நாள் மிச்சம், கையில் கிரைண்டர் இருந்தால் அதுவே போதும். இரண்டு மடிப்புகள் சந்திக்கிற மூலையில் 6 மிமீ துளை போட்டுவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் மூலை கிழியும். வளைக்கும்போது தகடு மடிக்கிற பிரஸ் பிரேக் மெஷின்காரரிடம் உள் ஆரம் 6 முதல் 8 மிமீ வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால், இரும்பு மடிக்கிற கூர் டையிலேயே வைத்து அழுத்திவிடுவார். மூலைகளை ஆர்கான் வெல்டிங்கில் அடைக்கும்போது 5356 ஃபில்லர் கம்பி கேளுங்கள்.

டிரெய்ன் போல்ட்டுக்கு நேரே 35 மிமீ துளை, ஹோல் சாவில். சாக்கெட் நுழைந்தால் மட்டும் போதாது, எண்ணெய் தகட்டில் சிதறாமல் விழ வேண்டும். கீழ் மட்டத்தில் நீள வாக்கில் இரண்டு மூன்று வாய், சேறு வெளியேற. உடுமலை, தாராபுரம் பக்கத்துக் கரிசல் ஒரு மழைக்கு உள்ளே ஏறிக் காய்ந்தால் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதுவும் என்ஜினின் அடியை மூடி, சூட்டை உள்ளேயே நிறுத்தும்.

இப்போது முக்கியமான இடம், மாட்டுவது. ஹிமாலயன் மாதிரி அடியில் ஃபிரேம் குழாய் ஓடும் பைக்கில் வேலை சுலபம். குழாயைச் சுற்றிப் பிடிக்கிற கிளாம்ப்பை லேத்தில் கடைந்து, நடுவே பிளந்து, இரண்டு எம்8 போல்ட் போட்டு இறுக்கலாம். குழாய் விட்டத்தை வெர்னியரில் அளந்து கொடுங்கள். யாரோ சொன்ன அளவைக் கொடுத்து நான் ஒரு ஜோடியை வீணாக்கியிருக்கிறேன். எக்ஸ்பல்ஸ் போல் என்ஜினுக்கு அடியில் குழாய் ஓடாத ஃபிரேமில், என்ஜினை ஃபிரேமோடு பிடிக்கிற பெரிய போல்ட்டுகளில்தான் பிராக்கெட் மாட்ட வேண்டும். கேஸில் இருக்கும் சின்னத் துளைகள் பக்கமே போகாதீர்கள், என் கதை மேலே இருக்கிறது.

பிராக்கெட்டை 3 மிமீ இரும்பு பிளாட்டில் செய்யுங்கள். அதற்கு மேல் கனம் வேண்டாம். இது மெலிந்திருப்பது குறையே அல்ல, இங்கேதான் வளைய வேண்டும். பிராக்கெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் புஷ், ரப்பருக்குள் இரும்பு ஸ்லீவ். ஸ்லீவ் ரப்பரைவிட ஒரு அரை மிமீ மட்டும் குட்டையாக இருக்கட்டும். போல்ட் ஸ்லீவில் போய் நிற்கும், ரப்பர் நசுங்காது. ரப்பர் இல்லாமல் நேராக முடுக்கினால் நான்காயிரம் ஆர்பிஎம்மில் பைக் டிராக்டர் மாதிரி கத்தும். பட்டன் ஹெட் அல்லது கவுண்டர்சங்க் போல்ட்டையே கீழ்ப்பக்கம் போடுங்கள். சாதாரண ஆறுமுகத் தலை இரண்டே பயணத்தில் தேய்ந்து, ஸ்பேனர் பிடிக்காமல் போய்விடும்.

லெக் கார்டு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நல்ல டிசைன் எப்போதும் ஒன்றுதான். பக்கத்துக்கு ஒரு வளையம், இரண்டும் முன்னால் ஒரு குறுக்குக் குழாயில் சேர வேண்டும். குறுக்குக் குழாய் இல்லாவிட்டால் இடது பக்கம் விழுந்த அடியை இடது மவுண்ட் மட்டும் தாங்கி, ஃபிரேமின் காதைத் திருகிவிடும். சேர்த்துவிட்டால் இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளும்.

என்ஜின் கவரின் வெளிவிளிம்பிலிருந்து 40 மிமீ வெளியே வந்தால் போதும். ஒரு அடி அகலத்துக்குக் கொம்பு மாதிரி வைப்பது ஊருக்குள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். மண்ணில் விழுந்தால் நுனி குத்தி நின்று பைக்கையே சுழற்றிவிடும்.

வளைவின் ஆரம் குழாய் விட்டத்தில் மூன்று பங்கு, அதாவது 75 மிமீ. பெண்டர் கிடைக்காவிட்டால் பழைய முறை: குழாயில் மணல் நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, செக்கச் சிவக்கக் காய்ச்சி வளைப்பது. மணலை வாணலியில் வறுத்துவிட்டே போடுங்கள். ஈரம் இருந்தால் ஆவி கட்டையைத் துப்பாக்கிக் குண்டு போலத் தள்ளும். குழாய் குழாயோடு சேரும் இடத்தில் மற்றக் குழாயின் வளைவுக்கேற்ப முனையில் மீன்வாய் வெட்டு எடுத்து, இடைவெளி இல்லாமல் உட்கார வைத்து, நான்கு புள்ளியில் டேக் (தற்காலிகப் பொட்டு வெல்டிங்) வைத்து, பைக்கில் மாட்டிப் பார்த்து, கழற்றிக் கீழே வைத்து முழு வெல்டிங். டேக் வைப்பதைக்கூடப் பைக்கின் மேல் வைத்துச் செய்யாமல் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லை என்றால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஈசியூ (என்ஜினின் கணினி) கனெக்டரையும் எடுத்துவிட்டு, எர்த் கிளாம்ப்பை டேக் வைக்கும் துண்டிலேயே பிடியுங்கள். டேங்க் கழன்று வேறு அறையில் இருக்கட்டும். இரு முனையும் மூடிய குழாயில் கீழ்ப்பக்கம் 3 மிமீ துளை ஒன்று போடுங்கள். வெல்டிங்கின்போது காற்று வெளியேறும், மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கும்.

என்ஜின் மவுண்ட் போல்ட்டில் கார்டைச் சேர்க்கும்போது நடுவில் 5 மிமீ பிளேட் வந்தால் போல்ட்டும் 5 மிமீ நீளமாக வேண்டும். பழைய போல்ட்டின் தலையில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அது போல்ட்டின் பலத்தைச் சொல்லும் எண். 10.9 இருந்த இடத்தில் பலம் குறைந்த 8.8 போடக் கூடாது, மரையின் பிட்சும் (இழைகளின் இடைவெளி) மாறக் கூடாது.

முடிந்ததும் ஒரு சோதனை. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்து, மண் தரையில் கோணிச் சாக்கை நான்காக மடித்துப் போட்டு, நண்பர் ஒருவரோடு பைக்கை மெதுவாகப் படுக்க வையுங்கள். தரையில் தொடுவது ஹேண்டில் நுனி, கார்டு, ஃபுட் ரெஸ்ட் மூன்று மட்டும்தானா? கியர் லீவரோ கிளட்ச் கவரோ தொட்டால் வளையத்தின் இடம் தப்பு. இரண்டு பக்கமும் பாருங்கள். வலது பக்கம் பிரேக் பெடல் கார்டுக்குள் ஒளிந்திருக்க வேண்டும்.

ஃபுட் ரெஸ்ட்

இங்கே நிதானமாக வாருங்கள்.

முதலில் கணக்கு. 80 கிலோ ஆள் நின்றுகொண்டு ஓட்டும்போது ஒரு பள்ளத்தில் இறங்கினால், நொடி நேரம் எடையில் மூன்று மடங்கு ஒரே காலில் விழலாம் என்று வைத்துக்கொள்வோம். 240 கிலோ. அது, ஃபுட் ரெஸ்ட்டை ஃபிரேமில் மாட்டியிருக்கும் குறுக்கு ஆணியிலிருந்து, அதாவது பின்னிலிருந்து, 7 செமீ தள்ளி விழுகிறது. ஃபுட் ரெஸ்ட் கீழே மடங்காமல் தடுப்பது அடியில் இருக்கும் ஸ்டாப்பர் முகம். பின் துளைக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே பெரும்பாலும் இரண்டரை செமீதான். நெம்புகோல் கணக்குப்படி பின்னை வெளியே இழுக்கும் விசை 240-ஐ 7-ஆல் பெருக்கி 2.5-ஆல் வகுக்க வேண்டும்: 670 கிலோ. ஒரு மாருதி 800-ஐ அந்தப் பின்னில் தொங்கவிட்ட மாதிரி. நல்ல 10 மிமீ பின் இதைத் தாங்கும். பின்னைப் பிடித்திருக்கும் மோசமான வெல்டிங் தாங்காது.

அகலமான ஃபுட் ரெஸ்ட் செய்ய: பைக்கோடு வந்ததைக் கழற்றிப் பாருங்கள். ஃபிரேமில் இரண்டு காது, நடுவே நுழையும் நாக்கு, குறுக்கே பின், ஒரு ஸ்பிரிங். காதுகளைத் தொட வேண்டாம். நாக்கை மட்டும் அச்சு அசலாகப் படியெடுக்கிறோம். லேத்தில் 16 மிமீ வெளி விட்டம், 10 மிமீ துளை கொண்ட புஷ் கடையச் சொல்லுங்கள். நீளம் காதுகளின் இடைவெளியைவிட 0.3 மிமீ குறைவு. இதைக் கடைய என்ன கம்பி எடுக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். லேத்தில் வெண்ணெய் போல ஓடும் என்று ஈயம் கலந்த இஎன்1ஏ ரக இரும்பை எடுப்பார்கள், அதில் வெல்டிங் நம்பகமாகப் பிடிக்காது. சாதாரண எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) போதும். கார்பன் கூடிய இஎன்8 என்றால் வெல்டிங்குக்கு முன் 150–200 பாகை சூடு காட்டி, முடிந்ததும் அடுப்புச் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். தண்ணீரில் முக்குகிற பழக்கம் பட்டறைகளில் உண்டு. "ஆறட்டுமுங்ணா, நான் டீ குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, துண்டைக் கையோடு எடுத்துப் போய்விடுங்கள்.

மேடைக்கு 6 மிமீ பிளாட்டில் வெளிச்சட்டம், அகலம் 55 மிமீ, நீளம் 90 மிமீ. நடுவே இரண்டு குறுக்கு. மேல் விளிம்பில் கிரைண்டரால் 3 மிமீ ஆழத்துக்குப் பல் வெட்டலாம். பல்லின் நுனியை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து மழுக்குங்கள், உங்கள் முழங்கால் ஒரு நாள் நன்றி சொல்லும். நடுவைத் திறந்தே விடுங்கள், சேறு கீழே விழட்டும்.

ஜிக் (துண்டுகளைச் சரியான கோணத்தில் பிடித்து வைக்கும் சட்டம்) இல்லாமல் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். 10 மிமீ தகட்டில் ஃபிரேம் காதுகளைப் போலவே இரண்டு காது நிறுத்தி, பழைய ஃபுட் ரெஸ்ட்டை மாட்டி, அதன் மேடை மட்டத்தைத் தொடும்படி ஒரு தாங்கலை வெல்டிங் வைத்துவிட்டால் ஜிக் தயார். அதில் புது நாக்கையும் மேடையையும் உட்கார வைத்தால் கோணம் தானாக வரும். வெளிநுனி 2 பாகை மேலே தூக்கி இருக்கட்டும், ஆட்டம் விழுந்து நாளடைவில் மட்டத்துக்கு வந்துவிடும். அப்புறம், இடதும் வலதும் கண்ணாடி பிம்பம் என்பதைச் சாக்பீஸால் ஜிக்கின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உழைத்து நான் இரண்டு அழகான இடது ஃபுட் ரெஸ்ட் செய்தேன். ஒன்று இன்னும் வீட்டு வாசலில் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மடிப்பு விஷயத்தில் சமரசம் கூடாது. கல்லில் இடித்தால் ஃபுட் ரெஸ்ட் மேலேயும் பின்னாலும் மடிந்து, ஸ்பிரிங்கில் திரும்ப வர வேண்டும். மடியாமல் விறைத்து நின்றால் கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே கணுக்கால் மாட்டும்.

வெல்டிங்குக்கு கோ2 வாயு மெஷின் இருந்தால் நல்லது. கையில் பிடிக்கிற வெல்டிங் ராடு என்றால் 7018, அதுவும் அடுப்பில் காய வைத்தது. கேட் கம்பிக்குப் போடுகிற 6013 இங்கே வேண்டாம். பின்னுக்கு 10.9 போல்ட் போடுவதானால் மரையில்லாத தண்டுப் பகுதி இரண்டு காதையும் முழுதாகக் கடக்க வேண்டும். மரை காதுக்குள் உட்கார்ந்தால் துளையைத் தின்றுவிடும், அதோடு பின் முறியும் இடமும் அதுதான்.

உயரமானவர்கள் ஃபுட் ரெஸ்ட்டைக் கீழே இறக்க நினைப்பார்கள். ஃபிரேமுக்கும் ஃபுட் ரெஸ்ட் பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு அடாப்டர் பிளேட்: 8 மிமீ இரும்பு, 25 மிமீ கீழே, 15 மிமீ பின்னே. அதற்கு மேல் இறக்கினால் 220 மிமீ கிரவுண்ட் கிளியரன்ஸ் வாங்கிய காசு வீண். பிளேட்டை ஒற்றை போல்ட்டில் நிறுத்தக் கூடாது. இரண்டு எம்8, நடுவே குறைந்தது 40 மிமீ. அப்போது மேல் போல்ட்டை இழுக்கும் விசை 420 கிலோ அளவில் நிற்கும். எம்8 8.8 போல்ட்டை 25 நியூட்டன் மீட்டரில் முடுக்கினால் அது பிடிக்கும் பிடி இதைவிட மூன்று மடங்குக்கு மேல். எம்6 வேண்டவே வேண்டாம். பைக்கில் ஃபுட் ரெஸ்ட் பிராக்கெட் ஒரே போல்ட்டில் நிற்கிறது என்றால் இந்த வேலையைக் கைவிட்டு, ஹேண்டில்பாரை உயர்த்திக்கொள்ளுங்கள்.

இறக்கிய பிறகு கியர் லீவரை ஒரு பல் கீழே மாற்ற வேண்டும். பிரேக் பெடலைத் தாழ்த்தினால் பிரேக் லைட் சுவிட்சும் ஃப்ரீ பிளேயும் மாறும். அதைச் சரி செய்யாமல் ஓட்டினால் பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடி, தாளவாடி போய்ச் சேருவதற்குள் டிஸ்க் நீலம் பாய்ந்துவிடும்.

பைக்கில் ஏற்றும் முன் இரண்டு சோதனை. முதலாவது, சீமெண்ணெயும் சாக்பீஸும். வெல்டிங்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சீமெண்ணெய் பூசி அரை மணி நேரம் விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெள்ளைப் பொடியில் மெல்லிய கறுத்த கோடாக ஊறி வரும். முடி அளவு கோடு தெரிந்தாலும் அரைத்து எடுத்துவிட்டு மறுபடி வெல்டிங். மேலே இன்னொரு பூச்சு வைத்து மறைப்பது ஏமாற்று வேலை.

இரண்டாவது, எடை. ஜிக்கைக் கனமான மேசையில் கிளாம்ப் செய்து, ஃபுட் ரெஸ்ட்டை மாட்டி, அதன் மேல் ஒரு கனத்த பைப்பை யூ போல்ட்டால் கட்டுங்கள். பின்னிலிருந்து சரியாக ஒரு மீட்டர் தள்ளி, ஒரு கயிற்றில் 18 லிட்டர் தண்ணீர் பிடித்த வாளி. 240 கிலோ 7 செமீயில் தருகிற அதே முறுக்கை, ஒரு மீட்டரில் இந்தத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகவே தந்துவிடும். அடியில் கால் வைக்காமல் தள்ளி நில்லுங்கள். மேடையின் நுனி உயரத்தை முன்பும் பின்பும் சுவரில் பென்சிலால் குறியுங்கள். வாளியை இறக்கியதும் நுனி பழைய கோட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒரு மிமீ கீழே நின்றுவிட்டாலும் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது. எது என்று கண்டுபிடித்து, அதை மாற்றிவிட்டு அப்புறம்தான் பைக்.

கை கார்டும் வலையும்

கை கார்டின் எலும்புக்கு 25 மிமீ அகலம், 5 மிமீ கனத்தில் அலுமினியம் பிளாட். ஒரு முனை ஹேண்டில் நுனியில், மறுமுனை 22 மிமீ கம்பியில் கிளாம்ப். மூடிக்கு நீல நிற எச்டிபிஇ பிளாஸ்டிக் டிரம் நல்ல சரக்கு, ஹீட் கன்னில் சுலபமாக வளையும். திருப்பூரில் சாயப்பட்டறை டிரம் மலிவாகக் கிடைக்கும். உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாததை வீட்டுக்குக் கொண்டுவந்து சூடு காட்டாதீர்கள். காங்கேயம் பக்கம் தேங்காய் எண்ணெய் இருந்த டிரம் கேளுங்கள், வெயிலில் மணக்கும், வேறு தொல்லை இல்லை. மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடவில்லை, லீவர் கார்டில் இடிக்கவில்லை என்று பாருங்கள்.

ஆயில் கூலருக்கும் ரேடியேட்டருக்கும் வலை. நாமக்கல்லில் கோழிக்கூண்டு வலை விற்கும் கடையில் கால் இஞ்ச் கண் வலை கிடைத்தால் அதுவே போதும். அரை இஞ்ச் கண்ணில் ஜல்லிப்பொடி நுழைந்துவிடும். துளை போட்ட தகட்டை வைக்கிறவர்கள், பாதிக்கு மேல் திறந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வலை, கூலரின் ஃபின்னிலிருந்து (மெல்லிய தகட்டு இதழ்கள்) 10 மிமீ தள்ளி நிற்கட்டும். ஒட்டி நின்றால் கல் வலையோடு சேர்த்து ஃபின்னையும் அமுக்கும்.

பூச்சும் முடுக்கலும்

இரும்புச் சாமான்களைப் பவுடர் கோட்டிங்கில் கொடுக்கலாம். அடுப்பு 180–200 பாகை போகும், அதனால் ரப்பர் புஷ்ஷை எல்லாம் எடுத்துவிட்டுக் கொடுங்கள், மரைத் துளைகளுக்கு போல்ட் போட்டு மூடிக் கொடுங்கள். ஃபுட் ரெஸ்ட்டின் பின் துளையிலும் ஸ்டாப்பர் முகத்திலும் பூச்சு ஏறக் கூடாது, ஏறினால் சுரண்டிவிடுங்கள். அலுமினியத் தகட்டுக்குப் பூச்சே வேண்டாம் என்பது என் கட்சி. முதல் பயணத்திலேயே கீறல் விழப் போகிறது. அதில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுவதானால் கிரீஸ் தடவி, நடுவே நைலான் வாஷர் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து, போல்ட் கழலாது.

எம்8 8.8-க்கு 25, எம்10 8.8-க்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர். என்ஜின் மவுண்ட்டுக்கு மட்டும் பைக்கின் மேனுவல் சொல்வதே கணக்கு. எல்லா நட்டுக்கும் முடுக்கிய பிறகு நட்டின் மேலிருந்து பிராக்கெட் வரை வெள்ளை பெயிண்ட் பேனாவில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அப்புறம் சத்தியிலிருந்து பண்ணாரி வழியாகத் திம்பம் ஏறுங்கள். 27 கொண்டை ஊசி வளைவும் சோதனைக்குப் போதுமான ஆட்டம் கொடுக்கும். மேலே டீக்கடையில் பைக்கை நிறுத்தி, என்ஜின் ஆறும் வரை காத்திருந்து, குனிந்து ஒவ்வொரு வெள்ளைக் கோட்டையும் பாருங்கள். என் பைக்கில் முதல் முறை மூன்று கோடு உடைந்திருந்தது. மூன்றும் சம்ப் கார்டின் ரப்பர் புஷ் போல்ட்டுகள். ஸ்லீவ் கால் மிமீ நீளமாகப் போயிருந்தது.